இராத்திரி அலாரமும் 121ஆம் சங்கீதமும்

பக்கவாதம் வந்து படுத்துவிட்டவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப் புண். சிங்கப்பூரில், எங்கள் தோ பாயோ வீட்டில் இராத்திரி அலாரம் அடிக்கும்போதெல்லாம் எனக்கு ஜெபம் வராது, கோபம்தான் வரும். ஒருநாள் அவர் தோளை வெடுக்கென்று இழுத்துவிட்டேன். பேச முடியாமல் அவர் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அப்புறம் தனியாக உட்கார்ந்து ஜெபிப்பதை விட்டுவிட்டேன். புரட்டும்போதே பைபிளில் உள்ள 121ஆம் சங்கீதத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். மொத்தம் 8 வசனம்தான். முழங்காலை மடக்கும்போது முதல் வசனம். தோளையும் இடுப்பையும் சேர்த்துத் திருப்பி, முதுகுக்குத் தலையணை கொடுக்கும்போது நான்காவது. காக்கிறவர் உறங்குவதில்லை என்பது அது. சரி, அவராவது விழித்திருக்கிறாரே என்று ஒருநாள் சிரித்தேவிட்டேன். கடைசி வசனத்துக்குள் கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொரு தலையணை. குதிகால் மெத்தையில் படக்கூடாது. சொல்லிக்கொண்டே செய்ததில் கை தானாக மெதுவானது.

சபையில் யாராவது நலம் விசாரித்தால் "தேவ கிருபை" என்று சமாளிப்பதையும் நிறுத்தினேன். "தூக்கமே இல்லை அக்கா" என்றேன். இப்போது ஞாயிறுதோறும் அந்த அக்கா வந்து இவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், நான் தமிழ் ஆராதனைக்குப் போகிறேன். பாதி நாள் பிரசங்கத்தில் தூங்கிவிடுகிறேன், அது வேறு விஷயம்.