பெப்பர் ஸ்ப்ரே பையின் அடியில் கிடந்தால் பயனில்லை

தாக்க வருகிறவர் கண்ணில் அடிக்கிற பெப்பர் ஸ்ப்ரே வாங்கி ஹேண்ட்பேக்கில் போட்டாச்சு, அவ்வளவுதான் என்று நானும் இருந்தேன். ஒரு நாள் ராத்திரி பறக்கும் ரயிலில் இறங்கி, ஆளில்லாத படிக்கட்டில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டதும் பைக்குள் கையை விட்டால் டிபன் பாக்ஸ் வருகிறது, குடை வருகிறது, சார்ஜர் வயர் வருகிறது, அது மட்டும் வரவில்லை (பின்னால் வந்தது பாவம், பூக்கூடையோடு வீட்டுக்குப் போகிற ஒரு அக்கா). இப்போதெல்லாம் ரயிலை விட்டு இறங்கும்போதே கையில் எடுத்துக்கொள்கிறேன்.

வாங்கியதும் மொட்டைமாடியில் ஒருமுறை லேசாக அடித்துப் பாருங்கள், காற்று போகிற திசையில். பெசன்ட் நகர் பீச்சில் சாயங்காலம் கடலைப் பார்த்து அடித்தால் காரம் முழுக்க நம் கண்ணுக்குத்தான். பெயர்தான் பெப்பர், உள்ளே இருப்பது மிளகாய்க்குக் காரம் தருகிற கேப்சைசின்! பட்டுவிட்டால் தேய்க்காமல் நிறைய தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

அடித்ததும் என்ன ஆச்சு என்று நின்று பார்க்கக் கூடாது, ஆள் நடமாட்டம் உள்ள பக்கம் ஓடிப்போய் 112-ஐ அழையுங்கள். அப்புறம், டப்பாவில் காலாவதி தேதி இருக்கும், பாருங்கள். மே மாத வெயிலில் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைக்க வேண்டாம். விமானத்தில் போகிற அன்று வீட்டிலேயே விட்டுவிடுங்கள், செக்யூரிட்டியில் பிடுங்கிவிடுவார்கள்.