ஸ்பைக் ஜோன்ஸின் இசைத்தட்டுகளைக் கேட்பது எப்படி?

அமெரிக்க வேடிக்கை இசைக் கலைஞரான ஸ்பைக் ஜோன்ஸை அறிய விரும்புபவர் முதலில் கேட்க வேண்டியது அவருடைய பதிவை அன்று. அவர் கேலி செய்த மூலப் பாட்டையே. 1934இல் ஹாலிவுட் படம் ஒன்றில் இடம்பெற்ற 'காக்டெயில்ஸ் ஃபார் டூ' என்னும் காதல் பாட்டை, யாராவது ஒழுங்காகப் பாடிய பதிவில் மெட்டு மனத்தில் தங்கும்வரை கேளுங்கள். அதன் பிறகு ஜோன்ஸும் அவருடைய 'சிட்டி ஸ்லிக்கர்ஸ்' குழுவினரும் 1944இல் பதிவுசெய்த வடிவத்தைப் போடுங்கள். தேனாக இழையும் குழுக்குரல்களோடு தொடங்கும் பாட்டு, சற்று நேரத்தில் துப்பாக்கி வெடி, கார் ஹாரன், விக்கல், மாட்டுமணி என்று சிதறிப்போகும்.

முதல் தடவை சிரித்துவிடுங்கள். அடுத்த தடவை கையால் தாளம் போட்டுக்கொண்டே கேட்டால், ஒரு வெடிகூடத் தாளத்தை விட்டு நகரவில்லை என்பதும், மணிகள் மெட்டின் ஸ்வரங்களையே ஒலிக்கின்றன என்பதும் புலப்படும். 1911இல் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் பிறந்த ஜோன்ஸ், பாடகர் பிங் கிராஸ்பியின் பாட்டுகளுக்கு வாசித்த ஜான் ஸ்காட் டிராட்டரின் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். அந்தப் பயிற்சி இல்லாமல் இந்தக் கூத்து வெறும் இரைச்சலாகவே முடிந்திருக்கும்.

இனி 1942க்குத் திரும்பலாம். ஹிட்லரை நையாண்டி செய்யும் 'டெர் ஃபியூரர்ஸ் ஃபேஸ்' பாட்டை இசைக்கலைஞர் சங்கத்தின் ஒலிப்பதிவு மறுப்புப் போராட்டம் ஆகஸ்ட் 1 அன்று தொடங்குவதற்குச் சில நாள் முன்னதாக அவர் பதிவுசெய்தார். நாஜி முழக்கத்தின் ஒவ்வொரு 'ஹைல்' சொல்லுக்கும் பிறகு எழும் அந்த அநாகரிகமான ஓசையைக் கவனியுங்கள். பாட்டு நாடெங்கும் பரவியதற்கு அதுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

இத்தாலிய இசையமைப்பாளர் ரோசினியின் 'வில்லியம் டெல்' இசையைக் குதிரைப் பந்தய வர்ணனையாக மாற்றிய 1948ஆம் ஆண்டுப் பதிவையும் இதே முறையில், மூலத்தைக் கேட்ட பிறகே கேட்க வேண்டும். ஜோன்ஸின் குழுவில் டிரம்பெட் வாசித்த ஜார்ஜ் ராக் குழந்தைக் குரலில் பாடிய கிறிஸ்துமஸ் பாட்டு அதே ஆண்டின் இறுதியில் விற்பனையில் முதலிடம் பிடித்தது என்றாலும், அதை ஒரு முறை கேட்டாலே போதும்.

மேடைக்காரரான அவரை ஒலியில் மட்டும் முழுதாக அறிய முடியாது என்பதால், 1950களின் தொலைக்காட்சிப் பதிவுகளைக் கடைசியாகப் பாருங்கள். கண்ணைப் பறிக்கும் கட்டம்போட்ட கோட்டில் நிற்கும் அந்த மனிதர், தம்மைச் சுற்றி எல்லாம் வெடிக்கும்போது, அடுத்த மணியை அடிக்கக் கையை எங்கே தயாராக வைத்திருக்கிறார் என்று பாருங்கள்.