புதிய கன்சோலில் கால்பந்து கேமை எடைபோடுவது எப்படி

புதிய கன்சோலில் எந்தக் கால்பந்து கேமைப் போட்டாலும் முதல் ஒரு மணி நேரம் பிரமாதமாகத்தான் இருக்கும். லோடிங் கண்மூடித் திறப்பதற்குள் முடிகிறது, புல் தனித்தனியாகத் தெரிகிறது, வீரர் கழுத்தில் வியர்வை மின்னுகிறது. இதில் பெரும்பகுதி இயந்திரத்தின் கணக்கில் சேர வேண்டியது. வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகமும் நல்ல கிராஃபிக்ஸ் சிப்பும் எந்த கேமுக்கும் இதைச் செய்துகொடுக்கும். பந்து காலில் படுகிற விதம், பந்து இல்லாத மற்றவர்கள் என்ன செய்கிறார்கள், கோல்கீப்பர் பந்தை எந்தப் பக்கம் தட்டிவிடுகிறார் என்பவைதான் கேமை உருவாக்கியவர்களின் கணக்கு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் கீழே உள்ள சோதனைகள்.

முதலில், ஓடுவது எந்தப் பதிப்பு?

கேட்கவே அபத்தமாக இருக்கும். ஆனால் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) வாங்கி, அதில் பிஎஸ்4 பதிப்பை ஓட்டிக்கொண்டு "புதுசா ஒண்ணும் தெரியலையே" என்பவர்கள் ஏராளம். பிஎஸ்4 டிஸ்க்கைப் போட்டால் பிஎஸ்4 பதிப்புதான் ஏறும். புதிய பதிப்பு அந்த கேமுக்குத் தரப்படுகிறதென்றால் அதைத் தனியாக டவுன்லோட் செய்ய வேண்டும். முகப்புத் திரையில் கேமின் மேல் நின்று ஆப்ஷன்ஸ் பட்டனை அழுத்திப் பதிப்பைச் சரிபாருங்கள். எக்ஸ்பாக்ஸில் ஸ்மார்ட் டெலிவரி உள்ள கேம் என்றால் சரியான பதிப்பு தானாக இறங்கிவிடும்.

ஒரே பெயர் இருப்பதால் ஒரே கேம் என்று நினைத்துவிட வேண்டாம். ஃபிஃபா 22-இல் ஹைப்பர்மோஷன் (நிஜ வீரர்களின் அசைவைப் பதிவுசெய்து உருவாக்கிய) அசைவுகள் பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் பதிப்புகளுக்கு வந்தன. பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன், பிசி மூன்றுக்கும் கிடைக்கவில்லை. நிண்டெண்டோ ஸ்விட்சில் ஃபிஃபா 20 முதல் 23 வரை வந்தவை 'லெகசி எடிஷன்': ஜெர்சியும் அணிப் பட்டியலும் புதுசு, ஆட்டம் பழசு. மற்ற கன்சோல்களில் ஆட்டத்தை இயக்கும் ஃப்ராஸ்ட்பைட் எஞ்சின் ஸ்விட்சுக்கு வந்தது எஃப்சி 24-இல்தான் (ஃபிஃபா தொடரின் புதுப் பெயர்தான் எஃப்சி). விமர்சனம் படிக்கும்போதும் எழுதியவர் எந்தக் கன்சோலில் ஆடினார் என்று பார்த்துவிட்டுப் படியுங்கள்.

இன்ஸ்டால் முழுசாக முடியும்வரை ஆரம்பிக்காதீர்கள். பாதியிலேயே "ஆடலாம்" என்று காட்டும். அப்போது பல மோட்கள் பூட்டியிருக்கும், வர்ணனை வராமல்கூட இருக்கும். அப்டேட் எல்லாம் ஏறிய பிறகு பதிப்பு எண்ணைக் குறித்துவையுங்கள், பின்னால் தேவைப்படும்.

டிவியும் அமைப்புகளும்

டிவியில் கேம் மோடைப் போடுங்கள், அசைவை மெழுகிக் காட்டும் மோஷன் வசதியை அணையுங்கள். அது அணைக்கப்படாத டிவியில் நல்ல கேம்கூட சேற்றில் ஆடுவதுபோல் இருக்கும். கன்சோலோடு வந்த எச்டிஎம்ஐ கேபிளையே பயன்படுத்துங்கள். பல டிவிகளில் எல்லா போர்ட்டும் 120 ஹெர்ட்ஸ் தராது, ஒன்றிரண்டுதான் தரும். போர்ட் பக்கத்தில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள்.

சோதனைக்கு நடுத்தரமான இரண்டு அணிகளை எடுத்துக்கொண்டு கடைசிவரை அவற்றையே வைத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரங்கள் நிறைந்த அணியில் எல்லாப் பந்தும் காலில் ஒட்டும், கேமின் குறை தெரியவே தெரியாது. ஒரு ஹாஃப் 6 நிமிடம், வெயில் மைதானம், நீங்கள் சாதாரணமாக ஆடுவதைவிட ஒரு படி கூடுதல் கடினம். ஆட்ட வேகம் போன்றவற்றைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடர்களைத் தொடாதீர்கள். கேமராவை மட்டும் கொஞ்சம் உயரமாகவும் தூரமாகவும் வையுங்கள். பந்தை ஒட்டிய கேமராவில் படம் அழகாக இருக்கும், ஆனால் டிஃபென்ஸ் வரிசை கலைவது கண்ணில் படாது. எஃப்சி 26-இல் 'காம்பெட்டிட்டிவ்', 'அதென்டிக்' என்று ஆட்டமே இரண்டு வகையாக இருக்கிறது. ஆன்லைனுக்கு வாங்குகிறவர் முதலாவதையும் கரியருக்கு (ஒரு அணியைச் சீசன் சீசனாக நடத்தும் மோட்) வாங்குகிறவர் இரண்டாவதையும் சோதிக்க வேண்டும். ஒன்றை ஆடிவிட்டு மற்றதற்கு மார்க் போட முடியாது.

பட்டனுக்கும் காலுக்கும் நடுவே

"கேம் லேக் அடிக்குது" என்ற புகாரில் பாதி டிவியின் குற்றம். எது யாருடைய குற்றம் என்று கண்டுபிடிக்க ஒரு ஃபோன் போதும். வினாடிக்கு 240 ஃபிரேம் பதிவாகும் ஸ்லோமோஷனை எடுத்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோலரைப் பிடித்த உங்கள் கட்டைவிரலும் திரையும் ஒரே ஃபிரேமில் வரும்படி ஃபோனை நிறுத்துங்கள். பயிற்சி மைதானத்தில் வீரரை நிற்கவைத்துப் பாஸ் பட்டனை அழுத்துங்கள். பட்டன் முழுசாக உள்ளே போன ஃபிரேமிலிருந்து வீரரின் கால் முதன்முதலாக அசையும் ஃபிரேம்வரை எண்ணுங்கள். பந்து காலை விட்டுக் கிளம்புவதுவரை எண்ணக் கூடாது. காலை ஓங்குவதற்கு ஆகும் நேரம் வேண்டுமென்றே வைத்தது.

ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 4.2 மில்லிசெகண்ட். 24 ஃபிரேம் என்றால் 100 மில்லிசெகண்ட். பத்து முறை எடுத்து, மிக அதிகமானதையும் மிகக் குறைவானதையும் தள்ளிவிட்டு மீதிக்குச் சராசரி பாருங்கள். பிறகு இதையே மெனுவில் செய்யுங்கள்: பட்டனை அழுத்தியதும் அடுத்த வரிக்குத் தாவ எத்தனை ஃபிரேம்? மெனுவிலேயே தாமதம் பெரிதாக இருந்தால் டிவி அமைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மெனு சுறுசுறுப்பாக இருந்து மைதானத்தில் மட்டும் இழுத்தால் அது கேமின் வேலை.

ஃபிரேம் வேகத்தையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். வினாடிக்கு 60 ஃபிரேம் என்றால் படம் 16.7 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை மாறும், 30 என்றால் 33.3. கோல் கொண்டாட்டத்திலும் ரீப்ளேயிலும் படம் சற்றே தத்துவது பல கேம்களில் உண்டு, அதை மன்னிக்கலாம். கார்னருக்குக் கூட்டமாக நிற்கும்போது, பின்னால் ரசிகர்கள் தெரியும் கோணத்தில், மழையில் தத்தினால் மன்னிக்காதீர்கள்.

முதல் தொடுகை

எல்லாச் சோதனையிலும் கேமின் தரத்தை அதிகம் காட்டிக்கொடுப்பது இதுதான். பந்துக் கட்டுப்பாடு 60-க்குக் கீழே உள்ள ஒரு சென்டர்பேக்குக்கு இருபது மீட்டரிலிருந்து பலமான பாஸ் கொடுங்கள். ஒருமுறை அவர் பந்தைப் பார்த்து நிற்கும்போது, இன்னொருமுறை முதுகைக் காட்டி ஓடும்போது. அப்புறம் கட்டுப்பாடு 85-க்கு மேல் உள்ளவருக்கு அதே பாஸ். இருவரும் ஒரே மாதிரி பந்தைக் காலடியில் அடக்கினால் அந்த எண்களெல்லாம் அட்டையில் அச்சடிக்கத்தான். நல்ல கேமில் சென்டர்பேக்கின் தொடுகை ஒரு கஜம் தள்ளி ஓடும். ஓடும்போது வாங்கினால் இன்னும் தள்ளி.

அடுத்து, முழு வேகத்தில் ஓடவிட்டு ஸ்டிக்கை நேர் எதிர்த்திசைக்குத் தள்ளுங்கள். ரீப்ளேயில் காலை மட்டும் கவனியுங்கள். உடம்பு திரும்பும்போது ஊன்றிய பாதம் புல்லில் நிற்கிறதா, வழுக்கிக்கொண்டே போகிறதா? பந்து, கால் பட்ட கணத்தில் திசை மாறுகிறதா, படுவதற்கு முன்பேயா? வழுக்கும் பாதமும் காலுக்கு முன் திரும்பும் பந்தும் எத்தனை 4கே போட்டாலும் சரியாகாது. 2021 செப்டம்பரில் இலவசமாக வந்த ஈஃபுட்பால் கேமில் எல்லோரும் வீரர்களின் கோணலான முகங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். முகத்தை ஒரு பேட்சில் (திருத்த அப்டேட்டில்) சரிசெய்யலாம். அசைவைத் திருத்துவது அப்படி இல்லை.

பிஎஸ்5-இன் டூயல்சென்ஸ் கன்ட்ரோலரில் களைத்த வீரரை ஓடவிட்டால் ஆர்2 பட்டன் இறுகுவது போன்ற வசதிகள் முதல் நாள் சுவாரசியம்தான். விரல் வலித்தால் அணைத்துவிடலாம். மதிப்பெண்ணில் சேர்க்க வேண்டியதில்லை.

பந்து இல்லாதவர்கள்

விங்கரிடம் பந்தைக் கொடுத்து, கோட்டோரம் மூன்று வினாடி சும்மா நில்லுங்கள். ஃபுல்பேக் சுற்றிக்கொண்டு ஓடி வருகிறாரா? ஸ்ட்ரைக்கர் ஆஃப்சைடு கோட்டைப் பார்த்து வளைந்து ஓடுகிறாரா, நேராக ஓடி மாட்டிக்கொள்கிறாரா? ஒரு மிட்ஃபீல்டராவது பந்தை வாங்கக் கிட்டே வருகிறாரா? எல்லோரும் தத்தம் இடத்தில் கம்பமாக நின்றால் உள்ளே இருப்பது பழைய மூளை.

பிறகு கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, கம்ப்யூட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரு மேட்ச் ஓடவிடுங்கள். அணி தேர்வுத் திரையில் கன்ட்ரோலரை நடுவில் விட்டால் பல கேம்களில் இது நடக்கும். ஷாட், ஃபௌல், கார்னர், கிராஸ் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹாஃப் நேரம் சுருங்கியிருப்பதால் நிஜ மேட்சோடு பாஸ் எண்ணிக்கையை ஒப்பிட முடியாது, சதவீதத்தை ஒப்பிடலாம். நிஜத்தில் 80-ஐ ஒட்டி இருக்கும் பாஸ் துல்லியம், சுமாரான இரு அணிகளுக்கும் 95-ஐத் தொட்டால் நடுக்களத்தில் நெருக்கடியே இல்லை என்று அர்த்தம். அடிக்கடி வரும் இன்னொரு நோய், கம்ப்யூட்டர் ஃபௌலே செய்யாமல் இருப்பது. கரியர் ஆடுகிறவருக்கு இது பெரிய குறை: ஃப்ரீகிக்கும் பெனால்ட்டியும் சீசன் முழுக்க அபூர்வமாகிவிடும். பலவீனமான அணியும் பலமான அணியும் ஒரே பாணியில் பின்னாலிருந்து சின்னச் சின்னப் பாஸாக ஆடுகின்றனவா என்பதையும் பாருங்கள்.

கோல்கீப்பரும் ஓட்டையும்

பெட்டிக் கோட்டில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அதே கோணத்தில் பத்து ஷாட். கிட்டே உள்ள போஸ்ட், தூர போஸ்ட், தரையோடு, வளைத்து என்று ஒவ்வொன்றும் பத்து. ஏதாவது ஒன்றில் ஏழு எட்டு உள்ளே போனால் ஓட்டை கிடைத்துவிட்டது. உங்களுக்குக் கிடைத்தது ஒரு வாரத்தில் ஆன்லைனில் எல்லோருக்கும் கிடைக்கும், அப்புறம் எல்லா மேட்சும் அந்த ஒரு ஷாட்டைச் சுற்றித்தான். தடுத்த பந்து எங்கே போகிறது என்பதையும் குறியுங்கள். பக்கவாட்டில் தள்ளினால் நல்லது. திரும்பத் திரும்ப ஸ்ட்ரைக்கர் காலடிக்கே வந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். கார்னரில் முன்போஸ்ட் தலையடி, கோட்டோரம் போய்ப் பின்னுக்குத் தள்ளும் பாஸ் ஆகிய இரண்டையும் இதே முறையில் பாருங்கள்.

ஆன்லைன், பிறகு பணம்

வைஃபையை விட்டு லேன் கேபிள் போட்டு, காலையில் சில மேட்ச், கூட்டம் அதிகமான இரவில் சில மேட்ச். இரண்டிலும் பிங்கை (தகவல் சர்வருக்குப் போய்வர ஆகும் நேரம்) குறித்துவிட்டு, மேலே சொன்ன ஃபோன் சோதனையை மறுபடி செய்யுங்கள். நண்பர்கள் வேறு கன்சோலில் இருந்தால் கிராஸ்பிளே உண்டா என்று முன்னமே பார்க்க வேண்டும். ஃபிஃபா 23-இல் பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ், பிசி ஒரு கூட்டம்; பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் தனிக் கூட்டம்; ஸ்விட்ச் எதிலும் இல்லை.

வீரர் அட்டைகளைச் சேர்த்து அணி கட்டும் அல்டிமேட் டீம் போன்ற மோடில், காசு போடாமல் ஒரு பேக் (எந்த வீரர் வருவார் என்று தெரியாத அட்டைக் கட்டு) கிடைக்க எத்தனை மேட்ச் ஆட வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். விலைக்கு விற்கும் பேக்கில் எந்த வகை வீரர் எத்தனை சதவீதம் வருவார் என்று கடையிலேயே போட்டிருக்கும். அதைத் திறந்து படியுங்கள். பெல்ஜியத்தில் இந்தப் பேக்குகளைச் சூதாட்டக் கணக்கில் வைத்ததால் 2019 ஜனவரி முடிவில் அங்கே பேக் வாங்கப் பயன்படும் ஃபிஃபா பாயின்ட்ஸ் விற்பனையே நிறுத்தப்பட்டது. சேர்த்த அணி பொதுவாக அடுத்த வருட கேமுக்கு வராது.

எஃப்சி கேம்களுக்கு, அவற்றை வெளியிடும் ஈஏ நிறுவனத்தின் ஈஏ பிளே சந்தாவில் 10 மணி நேர ட்ரையல் கிடைக்கிறது. முதல் இரண்டு மணி நேரத்தை அமைப்புக்கும் பயிற்சி மைதானச் சோதனைகளுக்கும் வைத்து, மூன்றைக் கம்ப்யூட்டருக்கு எதிராக ஆடி, மீதியை ஆன்லைனுக்கு விடுங்கள். ஆடாதபோது கேமை முழுசாக மூடிவிடுங்கள். வாங்கிய பிறகு பிடிக்கவில்லை என்று பிளேஸ்டேஷன் ஸ்டோரில் பணம் கேட்க 14 நாள் உண்டு, ஆனால் டவுன்லோட் தொடங்கிவிட்டால் கேமில் கோளாறு இருந்தாலொழியத் திருப்பித் தர மாட்டார்கள். ஆட்டத்தை மாற்றும் பேட்ச் முதல் சில வாரங்களிலேயே வருவது வழக்கம். அவசரமில்லாதவர்கள் அதுவரை பொறுத்து, பதிப்பு எண் மாறியதும் முதல் தொடுகை, கோல்கீப்பர் சோதனை இரண்டை மட்டும் மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டலாம்.