எம்.எல்.சி. என்றாலே மேலவைதானா? சென்னை மாகாணப் பேரவை பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடும்ப மலர் ஒன்றைத் தொகுத்துக்கொண்டிருந்த நண்பர், ஒரு பக்கத்தை என்னிடம் பார்க்கக் கொடுத்தார். 'எங்கள் கொள்ளுத்தாத்தா சென்னை மாகாண மேலவை உறுப்பினர்' என்று எழுதியிருந்தார். அதற்குச் சான்று 1928இல் அச்சான ஒரு கல்யாணப் பத்திரிகை. மஞ்சள் பூத்த தாளில், பெயரை அடுத்து எம்.எல்.சி. என்று தெளிவாகவே இருந்தது. பத்திரிகையில் பிழையில்லை, நண்பர் அதைப் படித்த விதத்தில்தான் பிழை.

1928இல் சென்னை மாகாணத்தில் மேலவையே கிடையாது. 1921 முதல் 1937 வரை இருந்தது ஒரே அவைதான். லெஜிஸ்லேடிவ் கவுன்சில் என்பது அதன் பெயர், அதன் உறுப்பினர் எம்.எல்.சி. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி 1937இல் அவை இரண்டானது. 215 பேர் கொண்ட லெஜிஸ்லேடிவ் அசெம்பிளி கீழவை. ஐம்பது சொச்சம் பேர் கொண்டது மேலவை. கவுன்சில் என்ற பழைய பெயர் அந்தப் புது மேலவைக்குப் போய்விட்டது. குழப்பத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. போதாக்குறைக்கு, தமிழில் அந்த ஒற்றை அவையையும் சட்டசபை என்றார்கள், பின்னால் வந்த கீழவையையும் சட்டசபை என்றார்கள். எனவே ஒருவரைப் பற்றி எழுதுமுன் ஆண்டைப் பாருங்கள், அவையின் பெயர் அதற்குப் பிறகுதான்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிக்கு இந்த அநியாயம் அடிக்கடி நடக்கிறது. அவர் துணைத் தலைவராக இருந்தது 1920களின் ஒற்றை அவையில். அவரை 'மேலவைத் துணைத் தலைவர்' என்று எழுதினால், அன்று மாகாணத்துக்கு இருந்த ஒரே சட்டமியற்றும் அவையில் ஒரு பெண் பெற்ற இடத்தை நாமே சுருக்கிவிடுகிறோம். 1937இல் கீழவையின் துணை சபாநாயகரானவர் ருக்மிணி லட்சுமிபதி. அப்போது சபாநாயகர் புலுசு சாம்பமூர்த்தி. இரு பெண்களையும் ஒரே அவையில் உட்கார வைக்கும் கட்டுரைகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

அடுத்தது பதவிப் பெயர். இரட்டை ஆட்சிக் காலத்தில், அதாவது 1937க்கு முன், அமைச்சர்களில் முதலாமவர் 'ஃபர்ஸ்ட் மினிஸ்டர்'. அதைத் தமிழில் முதல் மந்திரி என்று பெயர்த்தால் இன்றைய முதலமைச்சர் போலத் தோன்றும். ஆனால் நிதி, காவல் போன்ற துறைகள் அவர் கையில் இல்லை, ஆளுநரின் நிர்வாக சபையிடம் இருந்தன. 1937 ஜூலையில் பதவியேற்ற ராஜாஜியை அன்றைய வழக்கில் பிரதமர் அல்லது பிரீமியர் என்றார்கள். அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்த பிரகாசமும் ஓமந்தூராரும் அப்படித்தான் அழைக்கப்பட்டார்கள். முதலமைச்சர் என்ற பெயர் 1950இல் அரசியலமைப்புச் சட்டத்தோடு வந்தது. அதனால் பழைய இதழில் 'சென்னைப் பிரதமர்' என்று கண்டால் அச்சுப் பிழை என்று திருத்திவிடாதீர்கள்.

எண்களை ஒப்பிடுகிறவர்கள் விழும் குழி வேறு. காங்கிரஸ் 1937இல் 159 இடங்கள் பெற்றது, 1952இல் 152. ஏழுதானே குறைவு என்று தோன்றும். 1937இல் மொத்தம் 215, பெரும்பான்மைக்கு 108 போதும். 1952இல் மொத்தம் 375, தேவைப்பட்டது 188. முன்னது அமோக வெற்றி, பின்னது தனித்து ஆட்சி அமைக்க முடியாத நிலை. வாக்களித்தவர்களும் ஒரே கூட்டம் இல்லை. 1937இலும் 1946இலும் சொத்து, வரி, எழுத்தறிவு போன்ற தகுதி உள்ளவர்களுக்கே ஓட்டு. வயது வந்த எல்லோரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல் 1952இல் நடந்ததுதான். 215 இடங்களும் ஊர்வாரித் தொகுதிகள் என்று எண்ணுவதும் தவறு. முஸ்லிம்களுக்கு 28, பெண்களுக்கு 8, தொழிலாளர், நிலச்சுவான்தார், வணிகர் ஆகியோருக்குத் தலா 6 என்று பிரித்திருந்தார்கள். பல்கலைக்கழகத்துக்கும் ஓர் இடம் உண்டு, 1937இல் ராஜாஜி அவைக்குள் வந்தது அதன் வழியாகத்தான்.

அந்த 215ஐ 'தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.க்கள்' என்று எழுதாதீர்கள். கடலோர ஆந்திரம், ராயலசீமை, மலபார், தென்கன்னடம், பெல்லாரி எல்லாம் அதில் அடக்கம். மாறாகப் புதுக்கோட்டை சமஸ்தானத்துக்கும், திருவிதாங்கூரில் இருந்த கன்னியாகுமரிக்கும் அந்த அவையில் இடமில்லை. முன்னது 1948இலும் பின்னது 1956இலும்தான் வந்து சேர்ந்தன. குமரி மாவட்டத்துக்கு '1937 எம்.எல்.ஏ.' தேடிச் சலித்தவர்கள் இருக்கிறார்கள்.

1937 பேரவை என்றதும் கோட்டைப் படத்தைப் போடுவதும் வழக்கமாகிவிட்டது. அந்த ஆண்டு அவை கூடியது பல்கலைக்கழக செனட் மண்டபத்தில். 1938 ஜனவரி முதல் விருந்து மண்டபத்தில், அதாவது இன்றைய ராஜாஜி மண்டபத்தில். 1939 அக்டோபர் கடைசியில் மந்திரிசபை விலகியதும் 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் 93ஆம் பிரிவின்கீழ் ஆளுநர் ஆட்சி வந்தது. 1946 வரை பேரவை கூடவே இல்லை. 1942இல் இன்ன தீர்மானம் அங்கே நிறைவேறியது என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

நண்பரின் பக்கத்தில் 'மேலவை' என்பதை அடித்துவிட்டு 'சென்னை லெஜிஸ்லேடிவ் கவுன்சில் உறுப்பினர், 1928' என்று எழுதிக் கொடுத்தேன். 'தேர்தலில் ஜெயித்தாரா, நியமித்தார்களா?' என்று கேட்டார். அந்தக் கவுன்சிலில் இருவகை உறுப்பினர்களும் உண்டு என்பதால் கல்யாணப் பத்திரிகையை வைத்து அதைச் சொல்ல முடியாது. அச்சிட்ட பழைய அவை நடவடிக்கைத் தொகுதிகளில் பெயரைத் தேடிவிட்டு மலரை அச்சுக்குக் கொடுப்பதாக அவர் சொல்லியிருக்கிறார்.