வீட்டில் தண்ணீர்க் குழாய் வெடித்தால்

குளிர்நாடுகளில் உறையும் நீர் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிந்து குழாயைப் பிளக்கிறது. சிங்கப்பூரில் அதே வேலையைத் துருவும் தேய்ந்த இணைப்புகளும் செய்துவிடுகின்றன. குழாய் வெடித்தவுடன் வாளியைத் தேடி ஓடாமல், முதலில் தண்ணீர் மீட்டருக்கு அருகிலுள்ள முதன்மை அடைப்பானை வலஞ்சுழியாகத் திருகி மூடுங்கள். பல ஆண்டுகள் தொடப்படாத அடைப்பான் இறுகிப்போயிருக்கும் என்பதால், அது எங்கே இருக்கிறது, எளிதாகத் திரும்புகிறதா என்பதை இன்றே வீட்டிலுள்ள அனைவரும், குறிப்பாகப் பகலில் தனியாக இருக்கும் முதியோர், தெரிந்து வைத்திருப்பது மிகவும் அவசியம்.

அடுத்து, வெந்நீர்க் கருவியை அணைத்துவிட்டு, எஞ்சிய நீர் வடியும்படி தாழ்வான குழாயைத் திறந்துவிடுங்கள். மின்செருகிகளை நீர் எட்டியிருந்தால் ஈரத்தில் நின்றபடி எதையும் தொடாதீர்கள். குழாயைச் சீரமைக்கப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரையே அழையுங்கள்.