இயற்பியல் கணக்குப் பயிற்சி: மார்க் எங்கே போகிறது?

ப்ளஸ் ஒன் இயற்பியல் விடைத்தாள் ஒன்றை எடுத்துப் பாருங்கள். கணக்கில் மார்க் போயிருக்கும், ஆனால் எழுதிய சூத்திரம் பெரும்பாலும் புத்தகத்தில் உள்ளதாகவே இருக்கும். அதற்கு முந்தைய வேலையில்தான் கோட்டை விட்டிருப்பார்கள். படம் போடவில்லை, திசை குறிக்கவில்லை, எது மாறும் எது மாறாது என்று யோசிக்கவில்லை. கேள்வியில் மூன்று எண் இருக்கிறது, மூன்று எண்ணும் பொருந்துகிற சூத்திரம் ஒன்று மனப்பாடமாக இருக்கிறது, போட்டாயிற்று.

சுலபமான ஒன்றில் தொடங்கலாம். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு பஸ் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போய், அதே வழியில் 40-இல் திரும்புகிறது. சராசரி வேகம் என்ன? 50 என்று சொல்லத்தான் வாய் வரும். விடை 48. திரும்பும்போது மெதுவாக வருவதால் அந்த வேகத்தில் அதிக நேரம் ஓடுகிறது. மொத்தத் தொலைவை மொத்த நேரத்தால்தான் வகுக்க வேண்டும், இரண்டு வேகங்களைக் கூட்டிப் பாதியாக்கக் கூடாது. ஊர்களுக்கு நடுவே எத்தனை கிலோமீட்டர் என்பதுகூடத் தேவையில்லை. அதே கேள்வியில் சராசரி திசைவேகம் (திசையையும் கணக்கில் எடுப்பது) கேட்டிருந்தால் விடை சுழியம், ஏனென்றால் பஸ் கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டது.

அதிகம் பேரைக் கவிழ்ப்பது கூட்டல், கழித்தல் குறி. நம் பக்கத்துக் கிணறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீர்மட்டம் 25 மீட்டர் கீழே. விளிம்பில் நின்று ஒரு கல்லை நேர் மேலே வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எறிந்தால், எத்தனை வினாடியில் தண்ணீரைத் தொடும்? புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்நோக்கிய திசை கூட்டல் என்று முடிவெடுத்தால், இடப்பெயர்ச்சி கழித்தல் 25, முடுக்கம் கழித்தல் 10. அப்போது −25 = 20 × நேரம் − 5 × நேரம்². தீர்த்தால் 5 வினாடி. இன்னொரு விடை கழித்தல் 1, அதை விட்டுவிடலாம். இப்போது தவறாகச் செய்து பாருங்கள். ஆழம்தானே என்று 25-ஐக் கூட்டலாகப் போட்டால், வர்க்கமூலத்துக்குள் கழித்தல் எண் வந்து நிற்கும். பையன் கேள்வியே தப்பு என்பான். அந்தச் சமன்பாடு கேட்பது, கல் 25 மீட்டர் உயரத்தை எப்போது தொடும் என்று. 20 மீட்டர் வேகத்தில் எறிந்த கல் 20 மீட்டருக்கு மேல் ஏறாது, அதனால் விடை இல்லை. முடுக்கத்தின் குறியையும் சேர்த்து மாற்றினால் இன்னும் மோசம்: 1 வினாடி என்று அழகான விடை வரும். அது கல்லைக் கீழ்நோக்கி எறிந்ததற்கான விடை! அழகான எண் வந்தால் கணக்கு சரி என்று நம்பிவிடுவது தனியாக ஒரு நோய். மேலே ஏற மட்டுமே 2 வினாடி ஆகுமே என்று ஒரு நொடி யோசித்தால் மாட்டிக்கொள்ளும். தாளின் ஓரத்தில் ஒரு அம்புக்குறி, பக்கத்தில் ஒரு கூட்டல் குறி. இவ்வளவுதான் மருந்து.

விசையில் உராய்வு. 10 கிலோ மாம்பழப் பெட்டி தரையில் இருக்கிறது, ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.5, நீங்கள் 20 நியூட்டனில் தள்ளுகிறீர்கள். பெட்டி அசையவில்லை. உராய்வு விசை எவ்வளவு? குணகத்தையும் செங்குத்து விசையையும் பெருக்கி 50 நியூட்டன் என்று எழுதுகிறார்கள். அப்படியானால் 20-இல் தள்ளிய பெட்டி உங்களை நோக்கி வர வேண்டும். 50 என்பது உராய்வு எட்டக்கூடிய உச்சம். இப்போது அது 20 மட்டுமே, தள்ளுவதற்குச் சமமாக.

சாய்தளத்தில் சைன் போடுவதா, காஸ் போடுவதா என்ற குழப்பம் வரும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஏன் இத்தனை லாரி விபத்துகள் என்று யோசித்தாலே இது பாதி புரிந்துவிடும். 20 டன் லாரி, சாலையில் 20 மீட்டர் ஓடினால் 1 மீட்டர் இறங்குகிறது என்று வையுங்கள். எடையில் சாலையின் போக்கிலேயே கீழே இழுக்கும் கூறு 10,000 நியூட்டன். நியூட்ரலில் இறக்கினால் இத்தனையையும் பிரேக்கே தாங்க வேண்டும், அது சூடேறிப் பிடிப்பை இழக்கிறது. (டன்னை கிலோவாக்க மறந்தவருக்கு விடை 10 நியூட்டன். லாரியை ஒரு கையால் நிறுத்தலாம்.) சந்தேகம் வந்தால் கோணத்தைச் சுழியமாக்கிப் பாருங்கள். சமதரையில் கீழே இழுக்கும் கூறு இருக்கக் கூடாது, அதனால் அது சைன்.

மின்னியலில், 4 ஓம், 12 ஓம் மின்தடைகளைப் பக்க இணைப்பில் போட்டுத் தலைகீழிகளைக் கூட்டினால் மூன்றில் ஒன்று வரும். அதையே விடையாக எழுதிவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். திருப்பிப் போட்டால்தான் 3 ஓம். 60 வாட், 100 வாட் குண்டு பல்புகளைத் தொடரிணைப்பில் போட்டால் எது பிரகாசமாக எரியும்? 60 வாட். பல்பில் அச்சிட்ட வாட் முழு மின்னழுத்தம் கிடைக்கும்போது மட்டுமே பொருந்தும். தொடரில் இரண்டுக்கும் மின்னோட்டம் ஒன்றே, மின்தடை கூடியது 60 வாட் பல்புக்கு. திறனுக்கான சூத்திரங்கள் எல்லாம் சரிதான், எந்த அளவு பொதுவாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு எடுக்க வேண்டும்.

அலைகளில் அதிகம் சொல்ல இல்லை. ஊடகம் மாறினால் வேகமும் அலைநீளமும் மாறும், அதிர்வெண் மாறாது. எதிரொலிக் கணக்கில் ஒலி போய்த் திரும்புகிறது, இரண்டால் வகுக்க வேண்டும். எஃப்எம் ரேடியோ அலைக்கு ஒலியின் வேகத்தைப் போடாதீர்கள். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர்.

அப்புறம், பயிற்சி செய்யும் விதம். கைடில் தீர்த்த கணக்கைப் படித்துத் தலையாட்டுவது பயிற்சியில் சேராது. தீர்வை மூடி வைத்து வெற்றுத்தாளில் முதல் வரி வருகிறதா என்று பாருங்கள். ஒரே பாடத்தின் கணக்குகளாகவே போட்டுக்கொண்டிருந்தால் எந்தச் சூத்திரம் என்பதைத் தலைப்பே சொல்லிவிடும், பரீட்சையில் தலைப்பு இருக்காது. நாலு பாடத்துக் கணக்குகளையும் துண்டுச்சீட்டில் எழுதிக் கலந்து, கைக்கு வந்ததை எடுத்துப் போடுங்கள். முதலில் விடைக்குப் போகாமல், படத்தையும் திசையையும் அலகையும் மட்டும் எழுதிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தாலும் போதும்.