அழைப்பு மணி முதல் பார்கோடு வரை: நோயாளியின் படுக்கையருகே செய்யக்கூடாத தவறுகள்

பொத்தானை அழுத்தினால் அறைவாசலில் விளக்கு எரிகிறது, நர்ஸ் மேசையில் மணி அடிக்கிறது. பல வார்டுகளில் அழைப்பு மணியைச் சோதிப்பது இதோடு முடிந்துவிடுகிறது. அந்தப் படுக்கையில் இருப்பவரால் அதை அழுத்த முடிகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பக்கவாதத்தில் வலது கை விழுந்தவருக்கு வலப்பக்கமே பொத்தான் தொங்குகிறது. எக்ஸ்ரே எடுத்துத் திரும்பியதும், விரிப்பை மாற்றியதும் ஒயர் தலைமாட்டுக்குப் பின்னால் விழுந்து கிடக்கிறது. கட்டில் கம்பியில் சுற்றி வைத்தால், கம்பியை இறக்கும்போது பொத்தானும் கைக்கு எட்டாமல் போய்விடும். விரிப்பிலோ சட்டையிலோ கிளிப் போட்டு, நல்ல கை இருக்கும் பக்கம் வையுங்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும், புரட்டிப் படுக்கவைத்த பிறகும் “ஒரு தடவை அழுத்திக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். விரலில் வலு இல்லாதவருக்கு, லேசாகத் தொட்டாலே அடிக்கும் அகலமான பேட் வேண்டும்.

அடுத்த தவறு, மேசையிலிருந்தே இண்டர்காமில் “வருகிறேன்” என்று சொல்லி அழைப்பை அணைப்பது. விளக்கு அணைந்ததும் அந்தத் தேவையே மறைந்துபோகிறது. பத்து நிமிடம் காத்திருந்த நோயாளி தானே எழுந்து கழிப்பறைக்கு நடக்கிறார். படுக்கையருகே போனால்தான் அழைப்பை அணைக்க முடியும்படி அமைப்பை மாற்றச் சொல்லுங்கள். குறித்த நேரத்துக்குள் யாரும் போகவில்லை என்றால் அது அடுத்தவரின் கைக்கருவியில் அடிக்க வேண்டும். டேப்லெட் இருந்தால் வலி, கழிப்பறை, தண்ணீர் எனத் தனித்தனிப் படங்கள் வையுங்கள். தண்ணீர் கேட்பது உதவியாளருக்குப் போகட்டும், வலி நேராகச் செவிலியருக்கு வரட்டும்.

மானிட்டர் போன்ற கருவிகளின் அலாரம் சத்தம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல். மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று அளிக்கும் அமெரிக்க அமைப்பான ஜாயின்ட் கமிஷன் 2013இல் வெளியிட்ட எச்சரிக்கையில், 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை அலாரம் தொடர்பான 98 சம்பவங்கள் தன்னிடம் பதிவானதாகவும், அவற்றில் 80 மரணத்தில் முடிந்ததாகவும் கூறியது. நாள் முழுக்க வீணாக அடிக்கும் அலாரத்துக்குக் காது பழகிவிடுகிறது, உண்மையானது அடிக்கும்போதும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இதற்காகச் சத்தத்தைக் குறைப்பது ஆபத்து. வீணாக அடிப்பதற்கான காரணத்தைத்தான் நீக்க வேண்டும்.

முதல் காரணம், கருவியோடு வந்த அளவையே எல்லோருக்கும் வைப்பது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில், கரியமில வாயு தேங்கும் அபாயம் உள்ளவருக்கு ஆக்ஸிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் இருந்தால் போதும். 90இல் அலாரம் வைத்தால் அது ஓயவே ஓயாது. மருத்துவரிடம் கேட்டு, அந்த நோயாளிக்கு ஏற்ற வரம்பை எழுத்தில் வாங்குங்கள். இரண்டாவது காரணம் ஈசிஜி ஸ்டிக்கர். அதன் ஜெல் காய்ந்தால் கோடு ஆடும், மானிட்டர் அதை இதயத் துடிப்பின் கோளாறாக எடுத்துக்கொள்ளும். தினமும் ஸ்டிக்கரை மாற்றுங்கள். ஒட்டும் இடத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். ஸ்பிரிட் தோலை உலர்த்திவிடும். மூன்றாவது, ஆக்ஸிஜனை அளக்கும் விரல் கிளிப். இரத்த அழுத்தப் பட்டை கட்டிய கையிலேயே அதை மாட்டினால், பட்டை இறுகும் ஒவ்வொரு முறையும் அலாரம்தான். நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் அளவைக் கெடுக்கும்.

படுக்கையை விட்டு எழுந்தால் அடிக்கும் அலாரத்தை நம்பி நிம்மதியாக இருப்பது இன்னொரு தவறு. அமெரிக்காவில் 16 வார்டுகளில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், இந்த அலாரங்களைக் கூடுதலாகப் பயன்படுத்தியும் விழுவது குறையவில்லை. அது அடிப்பதற்குள் அவர் பாதி எழுந்திருப்பார். அவர் கேட்கும் முன்பே கழிப்பறைக்குக் கூட்டிப்போவதும், கட்டிலைத் தாழ்த்தி வைப்பதும்தான் பெரிய உதவி. அலாரமும் இருக்கட்டும், ஆனால் அவர் திரும்பி வந்து படுத்ததும் மறுபடி இயக்க மறக்காதீர்கள்.

மருந்து சரியான ஆளுக்குத்தான் போகிறதா என்று பார்க்க, நோயாளியின் கைப்பட்டையில் உள்ள பார்கோடை ஸ்கேன் செய்வார்கள். அதில் நடப்பது வேறு வகைத் தவறு. கைப்பட்டை கசங்கி ஸ்கேன் ஆகாதபோது, இன்னொரு பிரதி எடுத்து மேசையில் ஒட்டி அங்கேயே ஸ்கேன் செய்துவிடுகிறார்கள். கணினியில் எல்லாம் சரியாகத் தெரியும், மருந்து மட்டும் வேறொருவருக்குப் போயிருக்கும். பெரும்பாலும் இது சோம்பல் அல்ல. ஸ்கேனரில் சார்ஜ் இருக்காது, வைஃபை எட்டாது, அல்லது மருந்து வண்டி கட்டிலருகே நுழையாது. அதைச் சரிசெய்யாமல் செவிலியரைக் கண்டிப்பதில் பயனில்லை. ஸ்கேன் செய்தாலும் வாயால் கேட்பதை விடக்கூடாது. “நீங்கள்தானே இன்னார்?” என்று கேட்டால் காது மந்தமானவரும் மயக்கத்தில் இருப்பவரும் தலையாட்டிவிடுவார்கள். “உங்கள் பெயரும் பிறந்த தேதியும் சொல்லுங்கள்” என்று கேளுங்கள்.

வலிக்கும்போது அழுத்தினால் மருந்து செலுத்தும் பம்பின் பொத்தானை நோயாளி மட்டுமே அழுத்தலாம். தூங்குபவர் அழுத்தமாட்டார் என்பதே அதன் பாதுகாப்பு. பாவம், வலிக்குமே என்று உறவினர் அழுத்தினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும், மூச்சு மந்தமாகும். இதைப் பம்பை மாட்டும்போதே உறவினரிடம் சொல்லிவிட வேண்டும்.

வென்டிலேட்டரில் இருப்பவரிடம் டேப்லெட்டை நீட்டுமுன், அவருடைய கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் அலமாரியிலிருந்து எடுத்து மாட்டுங்கள். கை நடுங்குபவரால் திரையைத் தொட்டு எழுத முடியாது. வலி, மூச்சுத் திணறல், சளி எடுக்க, புரட்டிவிட என்று பெரிய படங்கள் கொண்ட அட்டை ஒன்று கட்டிலிலேயே தொங்கட்டும். ஆம், இல்லை என்பதற்கு அவர் காட்டும் சைகையைத் தெரிந்துகொண்டு, அடுத்த ஷிஃப்ட் அறிய அதிலேயே எழுதி வையுங்கள். மின்சாரமோ நெட்வொர்க்கோ போகும்போது அந்த அட்டையும் ஒரு கைமணியும் தேவைப்படும். அப்போது எந்த அறைகளை யார் சுற்றிப் பார்ப்பது என்பதையும் முன்பே எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.